பிரிக்காத கப்பல் பேப்பர்

இளங்கோ,

நேற்றுக் காலை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில், மண்டப வாசலில் அப்பாவின் பழைய பேப்பர்களைக் கண்ணாடி போட்டு வரிசையாக வைக்கவேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். அம்மாவை விட்டு என் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னாய். நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்த நேரத்தில் அவளும் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டாள். பெட்டிச் சாவி இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அதில் ஒரு படத்தை மட்டும் வட்டம் போட்டு எனக்கே திருப்பி அனுப்பியிருந்தாய். "அப்பா, இது மட்டும் பிரிக்காமலே இருக்கே, எங்க கிடைச்சுது? பவித்ரா அப்பா வேலை பார்த்த வூட்டுலயும் இந்த மாதிரி கட்டு கட்டா இருந்துச்சாம். ஞாயித்துக்கிழமை அவருக்குக் காட்டறேன், சந்தோஷப்படுவாரு" என்று கீழே எழுதியிருந்தாய்.

நான் படித்துவிட்டேன் என்பதற்கான நீலக் கோடு உனக்கு விழுந்திருக்கும். அதற்குப் பிறகு மூன்று தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் பேசுவாய், நானும் பாதியில் மழுப்பிவிடுவேன். முப்பது வருஷம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மழுப்பச் சொல்லித் தரவேண்டுமா? அதனால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். பொறுமையாகக் கடைசி வரை படி. படித்தபின் இதை ஒளித்து வைக்காதே, யார் கேட்டாலும் கொடு. உன் பெயர் போட்டு எழுதினாலும் இது ஊருக்கே எழுதுகிற கடிதம்.

பேப்பர் சேர்க்கும் பைத்தியம் எனக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் முழுசாகச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆபீசில் பழைய ரிஜிஸ்தர்களைக் கழித்துக் கட்டிய வருஷம், ஒன்றின் அட்டைக்குள் வலுவுக்காக ஒரு பிரெஞ்சுப் பேப்பரை மடித்து ஒட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சை இரண்டாம் பாடமாகப் படித்தவன் நான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பேப்பர், பிரான்சின் மர்சே துறைமுகத்தில் நீராவிக் கப்பலில் ஏறிப் புதுச்சேரியில் இறங்கியது. இங்கே ஒருவர் கையில் கிடைக்கும்போதே அதில் இருந்த செய்திக்கு ஒரு மாதத்துக்கு மேல் வயது. அந்தப் பழைய செய்திக்காகவே ஆட்கள் கடற்கரையில் வந்து நிற்பார்களாம். கப்பல் தூரத்திலேயே நிற்கும், சலங்குப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்த் தபால் மூட்டைகளை எடுத்து வரும். நீ கேட்பாயே, "போன மாச சேதிய எதுக்குப்பா இவ்ளோ அவசரமா படிச்சாங்க" என்று. எனக்கு அந்த அவசரம்தான் பிடித்தது.

எங்களைப் போல் சேர்க்கிறவர்களுக்குப் பேப்பரில் இருக்கும் சேதி பெரிதல்ல. அது கடல் தாண்டி வந்ததற்கு அடையாளம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். ஊரிலேயே விற்ற பேப்பர் இரண்டாக மடிந்திருக்கும். கப்பலில் வந்தது கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி எட்டாக மடிந்து, மேலே ஒரு காகிதப் பட்டை சுற்றி, பட்டையில் விலாசமும் முத்திரையும் இருக்கும். வாங்கியவர்கள் முதல் வேலையாகப் பட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் பட்டையோடு கிடைப்பது அபூர்வம். பட்டையே கிழியாமல், யாருமே பிரிக்காமல் ஒன்று கிடைப்பதென்றால் அது நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிற பேய்க்கதை. யாரும் பார்த்ததில்லை.

இந்தப் பைத்தியத்தில் நான் செய்த அசட்டுத்தனங்களையும் சொல்லிவிடுகிறேன், பெரிய தப்பைச் சொல்ல அது கொஞ்சம் தைரியம் தரும். ஆரம்பத்தில் எனக்கு ஒரு பேப்பர் கிடைத்தது, அதில் இரண்டு இடத்தில் கத்தியால் கீறியது போல் வெட்டு. பூச்சி அரித்திருக்கிறது என்று நினைத்து, உன் அம்மாவிடம் மைதா பசை காய்ச்சி வாங்கி, மெல்லிய தாளை வைத்து அழகாக ஒட்டினேன். பிறகுதான் ஒருவர் சொன்னார். காலரா ஓடிய துறைமுகத்தைத் தொட்டு வந்த கப்பலின் தபாலை அந்தக் காலத்தில் வேண்டுமென்றே கீறி, உள்ளே புகை போட்டு, நோய் போகட்டும் என்று விடுவார்களாம். அந்தக் கீறல்தான் அந்தப் பேப்பரின் மதிப்பே. நான் அதை ஒட்டி மூடிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் என் மைதா பசையைத் தின்ன நிஜமாகவே பூச்சி வந்தது. உன் அம்மா இன்றைக்கும் போகி வந்தால் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்ப்பாள், நான் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்தது உனக்கே தெரியும், நீ மறந்திருக்கமாட்டாய். பாகூர் ஏரி உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்த மழை. உனக்கு அப்போது எட்டு வயது, ஜுரம் வேறு. கட்டில் ஒன்றுதான் உயரமாக இருந்தது. நான் உன்னை எழுப்பி ஓரமாக நிற்கவைத்துவிட்டு டிரங்குப் பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றினேன். முழங்கால் தண்ணீரில் நீ நடுங்கிக்கொண்டு நின்றாய். உன் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயசுப் பையன், கனமான பையன். மழை விடுகிறவரை உன்னைக் கீழே இறக்கவில்லை. அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை.

நீ ஆறாம் வகுப்பு படித்த வருஷம் வில்லியனூரில் ஒரு பெரிய வீட்டை விற்பதற்காக அந்த வீட்டு அம்மா பிரான்சிலிருந்து வந்திருந்தார். வீடு வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதைப் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. ஆமாம், உன் பவித்ராவின் அப்பா. மணப்பட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அந்த வேலைக்காகக் குடும்பத்தோடு வில்லியனூருக்கு வந்தவர். வீட்டில் ஒரு அறை நிறையப் பழைய பேப்பர்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போவதாகப் பேச்சு. பிரெஞ்சு தெரிந்த ஆள் ஒருவர் பட்டியல் எழுதித் தரவேண்டும் என்று யாரோ என்னைச் சொல்லிவிட்டார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மூன்று நாள் வேலை. ஏழுமலை கதவைத் திறந்துவிடுவார், மேஜை துடைப்பார், டீ வாங்கி வருவார். "இன்னா சார், இதுல அப்பிடி இன்னா கீது, கண்ணு கொட்டாம பாக்கறீங்க" என்று சிரிப்பார். மூன்றாம் நாள், ஒரு பெட்டியின் அடியில் அது இருந்தது. எட்டாக மடித்தது, பட்டை கிழியாதது, ஓரத்தில் உப்புத் தண்ணீர் பட்ட கறை. அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தா பெயருக்கு வந்திருந்தது. கப்பல் வந்து சேருவதற்கு முன்பே அவர் இறந்துபோனாராம், அவர் பெயருக்கு வந்ததைப் பிரிக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லையாம். அந்த அம்மாதான் சொன்னார். நான் அதைப் பட்டியலில் எழுதினேன்: ஒன்று, பட்டையோடு, பிரிக்கப்படாதது. பட்டியலின் ஒரு படியை மத்தியானம் அவரிடம் கொடுத்தும்விட்டேன். எதைக் கண்டாலும் முதலில் எழுதி வைக்கிற குமாஸ்தா புத்தி. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆயிற்று.

சாயங்காலம் கிளம்பும்போது அதை எடுத்துச் சட்டைக்குள், முதுகுக்கும் பனியனுக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். அதைத் திருட்டு என்று நான் அப்போது நினைக்கவில்லை. இவர்களுக்கு இதன் அருமை தெரியாது, வெளிநாட்டுக்காரன் வாங்கிப் போய்ப் பிரித்துப் பார்த்துவிடுவான், என்னிடம் இருந்தால்தான் பத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருடுகிறவன் எவனும் அந்த நேரத்தில் தன்னைத் திருடன் என்று நினைப்பதில்லை என்பதை நீ தெரிந்துகொள். மடிப்பு கலையக்கூடாது என்று முதுகு வளையாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு பாகூர் வந்து சேர்ந்தேன். எதிரே வந்தவர்கள் இவ்வளவு நிமிர்ந்த மனுஷனா என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாளே வாங்க வந்தவர் பட்டியலைப் பார்த்து முதலில் கேட்டது அதைத்தான். தேடினார்கள், இல்லை. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது முற்றத்தில் அந்த அம்மா, அவருடைய உறவுக்காரர் ஒருவர், வாங்க வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று ஒரே கேள்வி. ஏழுமலையின் துணிப்பையை வாங்கித் தரையில் கொட்டினார்கள். சோற்று டப்பா, ஒரு துண்டு, பொண்ணுக்கு வாங்கிய புது காம்பஸ் பாக்ஸ். அந்தக் காம்பஸ் பாக்ஸையும் திறந்து பார்த்தார்கள் இளங்கோ. அப்புறம் அந்த உறவுக்காரர், வேறு யார் யார் அறைக்குள் வந்தது என்று கேட்டார். ஏழுமலை என்னைக் கைகாட்டினார். "சார் ஒருத்தர்தான் வந்தாரு. ஆனா சார் மேல சந்தேகப்பட்டா நம்ம வாய் அழுகிப் பூடும்" என்றார்.

எனக்காகப் பேசியவருக்காகக்கூட நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா பெருந்தன்மையாகப் போலீசுக்குப் போகவேண்டாம் என்று சொல்லி அவரை வேலையைவிட்டு மட்டும் அனுப்பினார். அதுதான் அவருக்கு விழுந்த பெரிய அடி. போலீசுக்குப் போயிருந்தால் விசாரித்துவிட்டு எடுக்கவில்லை என்றாவது சொல்லியிருப்பார்கள். இப்போது எடுத்தார் என்றும் ஆகவில்லை, எடுக்கவில்லை என்றும் ஆகவில்லை. வில்லியனூரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. பவித்ராவைப் பள்ளிக்கூடம் மாற்றி மணப்பட்டுக்கே திரும்பிப் போனார்கள். பதினாலு வருஷம் வலை இழுக்காத கை நாற்பது வயதில் மறுபடியும் வலை இழுத்தது. இதெல்லாம் எனக்கு அரசல்புரசலாகக் காதில் விழும். விழும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து அந்தப் பேப்பரைப் பார்க்கக்கூடப் பயந்து மூடிவிடுவேன். ஆசைப்பட்டு எடுத்ததைப் பதினேழு வருஷத்தில் பத்துத் தடவைகூட நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். பவித்ராவைப் பற்றி நீ சொன்ன அன்று அவள் அப்பா பெயரையும் ஊரையும் கேட்டேன். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நம் பங்காளிகள் எல்லாரும் கடற்கரைக்காரர் வீட்டிலா பொண்ணு என்று குதித்தார்கள். நான் ஒருவன்தான் சரி என்றேன். "அப்பா நீ கிரேட்பா" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். ஊரில் நாலு பேர் என்னை முற்போக்குவாதி என்று பேசினார்கள், அதைக் காதுகுளிரக் கேட்டும் கொண்டேன். அது பெரிய மனசு இல்லைடா. கடன்காரனைப் பார்த்துத் தெருவை மாற்றிப் போகிறவனுக்கு அந்தக் கடன்காரனே சம்பந்தியாக வருகிறான், இதோடு கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். பவித்ரா நல்ல பெண், அவளை எனக்குப் பிடிக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் நான் சரி சொன்னது அதற்காக இல்லை.

அவர்கள் முதல்முறை நம் வீட்டுக்கு வந்த அன்று ஏழுமலை என்னைப் பார்த்ததும், "சார், நீங்களா" என்று முகம் மலர்ந்துபோனார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் உள்ளே இருந்தபோது என்னை வாசல் கேட்டுப் பக்கம் கூப்பிட்டார். "சார், எங்கள பத்தி ஒங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. எம் மேல அந்தப் பழி கீது. நாளைக்கு யாராச்சும் ஒங்கள கேட்டா இன்னா சொல்வீங்க" என்று கேட்டார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் ஏழுமலை. மனுஷன்னா தப்பு நடக்கும்" என்றேன். நான் செய்த திருட்டுக்கு அவரை மன்னித்தேன். அவர், நான் எடுக்கவில்லை சார் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்க என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இளங்கோ, என் வாழ்நாளில் நான் செய்த பாவங்களில் பேப்பரை எடுத்தது இரண்டாவதுதான். முதல் பாவம் அந்தக் கேட்டருகே செய்தது.

தானாகத் திருந்தினேன் என்று நினைத்துவிடாதே. உன் படம் வராமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, இதை என்னோடே சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன். நேற்று முழுக்க வழி தேடினேன். அந்தப் பேப்பரை எரித்துவிட்டு அம்மா எடுத்த படம் வேறு யாருடையதோ என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். தீப்பெட்டியோடு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அதை எரிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மனசாட்சி ஒன்றும் தடுக்கவில்லை, அந்தப் பட்டை எரிவதைப் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். அப்போதுதான் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. அம்மா வந்து தீப்பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரி உடைந்த அன்று பார்த்த அதே பார்வை பார்த்தாள். "மொதல்ல அவருகிட்ட போய் சொல்லு. அப்புறம் பையனுக்குச் சொல்லு" என்றாள்.

இன்று காலை மணப்பட்டுக்குப் போனேன். படகுகள் கரையேறி, மீன் ஏலம் முடிந்து, ஆட்கள் கலைந்திருந்தார்கள். ஏழுமலை படகு நிழலில் உட்கார்ந்து வலையில் அறுந்த இடத்தை முடிந்துகொண்டிருந்தார். சம்பந்தி வந்தார் என்று எழுந்து துண்டை விரித்தார். நான் உட்காரவில்லை. பேப்பரை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும், முதுகில் செருகியது உட்பட. அவர் முகம் மாறவே இல்லை. கையில் இருந்த முடிச்சை முடித்தார், பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

"அன்னிக்கி எம் பைய கொட்டினப்போ நீங்க அங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"நான் ஒங்களப் பத்தி சொன்னது ஒங்க காதுல வுழுந்துச்சா?"

"விழுந்துது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் கேட்டதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தெரியாது, யாரும் பிரித்ததில்லை என்றேன். "பதினேழு வருஷமா நான் திருடனாப் பூட்டேன், எதுக்குன்னு தெரிஞ்சிக்க வேணாமா? பிரிங்க சார்" என்றார். நான் குனிந்து எடுத்தேன். பட்டையில் விரல் வைத்தேன். கை நின்றுவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு, அந்த மனுஷன் முகத்துக்கு நேரே, என் கை நின்றது இளங்கோ. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இப்பவும் ஒங்களுக்கு அதான் பெருசா கீது" என்றார்.

கிழித்தேன். தாள் நன்றாகத்தான் இருந்தது, அந்தக் காலத்துத் துணிக்கூழ்க் காகிதம். ஒன்றிரண்டை மொழிபெயர்த்துச் சொன்னேன். சர்க்கரை விலை. எந்தக் கப்பல் எந்தத் தேதியில் கிளம்பும் என்ற அட்டவணை. ஒரு வீட்டுக்குச் சமையல்காரி தேவை. ஒருவருடைய நாய் காணாமல் போயிருக்கிறது. அவர் கடைசிவரை கேட்டார். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டு, "கப்பல் தூரக்க நின்னுக்கும். அலையில எறங்கி மூட்டைய கரைக்குக் கொண்டாந்ததெல்லாம் எங்க ஆளுங்கதான். எங்க தாத்தா சலங்கு தள்ளுனவரு. ஆளு முழுகினாலும் மூட்டைய முழுக வுடமாட்டாங்களாம்" என்றார். அவர் கோபத்தோடு பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பவித்ரா டிபன் டப்பாவோடு வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாகக் கேட்டாள் என்று தெரியாது. இரண்டு மாதமாக என்னை வாய் நிறைய மாமா என்று கூப்பிடுகிற பெண், இன்று எந்த முறையும் வைக்கவில்லை. "இந்தப் படம் வெளிய வரலன்னா, நான் ஒங்க வூட்டுக்கு வந்து, ஒங்களுக்குச் சோறு போட்டு, கடைசி வரைக்கும் நீங்க மன்னிச்சு வுட்ட திருடன் பொண்ணாவே இருந்திருப்பேன், இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் கண்ணைத் துடைக்காமலே நின்றாள். இளங்கோவிடம் நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்தபிறகுதான் எனக்கு யோசிக்கவே முடியும் என்றாள். அவள் போன் இரண்டு நாளைக்கு அணைந்திருக்கும். பதறாதே. நீயும் அவளைத் துரத்தித் துரத்திப் பேசாதே. எங்கப்பா அப்படி, நான் அப்படியில்லை என்று சொல்லத் தோன்றும். அதை இப்போது சொல்லாதே, உன் கவலை மட்டும்தான் உனக்குப் பெரிது என்று அவளுக்குப் படும்.

கிளம்பும்போது ஏழுமலை ஒன்றே ஒன்று சொன்னார். தட்டு மாற்றுவதற்கு முன்னால் நிச்சயப் பத்திரிகையை எல்லார் முன்னாலும் உரக்கப் படிப்பார்கள் அல்லவா, அதைப் படிக்கிற பொறுப்பை நம் பங்காளிகள் எனக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படிப்பதற்கு முன் இதைச் சொல்லவேண்டும் என்றார். வில்லியனூரில் அன்று முற்றத்தில் நின்ற அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். சொன்னபிறகு தட்டு மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் பெண் அங்கேயே சொல்வாள். ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்த இருவருக்கும் போன் செய்து அழைத்துவிட்டேன். பிரான்சில் இருக்கும் அந்த அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். எடுத்தது நான் என்றும், இன்று காலை பட்டையைக் கிழித்ததும் நான் என்றும், பேப்பரை எங்கே அனுப்பவேண்டும் என்று சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அவர் போலீசுக்குப் போனாலும் போகலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

உன் கல்யாணத்தையே பணயம் வைத்துத்தான் இதைச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். நீ என்னைத் திட்டு. நிச்சயத்தன்று வேண்டாம் என்று அந்தப் பெண் எழுந்து போனால், வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டு. ஆனால் என்னைத் தடுக்க வராதே. அப்பாவின் மானம் என்று பங்காளிகள் கூடி உன்னிடம் பேசுவார்கள், இரண்டு குடும்பத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். அவர் பையைக் கொட்டியது நாலு பேர் முன்னால், என்னுடையதை மட்டும் எப்படி அடுப்பங்கரையில் முடிப்பது? அன்றைக்கு முற்றத்தில் ஐந்தாறு பேர் நின்றோம், அவர் பக்கத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. நான் ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தேன், நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து பேசும்போது மாப்பிள்ளை என்று உன்னை என் பக்கத்தில் உட்காரவைக்கப் பார்ப்பார்கள். உட்காராதே. பவித்ரா என்ன முடிவு சொல்வாள் என்று காத்திருக்கவும் வேண்டாம், கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சரி. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்து போய் ஏழுமலைக்குப் பக்கத்தில் நின்றுகொள்.

உன் அப்பா